இருவரும் ஒருவர் அல்லர்

வாழ்க சங்கிலிமுத்து! அச்சங்குளத்து அடலேறே! அலுமினியப் பொடி படிந்து படிந்து வெள்ளிக் கவசம் பூண்டாற்போல் மின்னும் கரதலத்தோனே! ஆயிரம்வாலாச் சரத்தைப் பக்கத்திலிருப்பவர் ஒரு பேச்சுப் பேசி முடிக்குமுன் பின்னி முடிக்கும் பத்துவிரற் பராக்கிரமனே! தீபாவளி சீசனிலும் லீவு கேட்கத் துணிந்த நெஞ்சுரத்தோனே! விருதுநகர் மாநகரில், பெயர் சொன்னால் வம்பு வருமென்று நான் பெயர் சொல்லாமல் விடுகிற ஓர் அலுவலகத்தின் இருபத்தெட்டுப் படிகளைப் பதினான்கு மாதங்களில் முப்பத்தொரு தடவை ஏறி, அதில் முப்பது தடவை வெறுங்கையோடு இறங்கியும் சலியாத முழங்கால் வேந்தே! நின் புகழைப் பாட நான் முன்வந்திருக்கிறேன். வேறு யாரும் முன்வரவில்லை.

பெருங்கதை தொடங்குமுன் ஒரு காப்பு வேண்டும். மசித்திண்டின் மேல் வீற்றிருந்து, மண்டையில் ஒரு குட்டு வாங்கினாலன்றி வாய் திறவாத வட்ட முத்திரையே, உன்னை வணங்குகிறேன். உன் தங்கை நீள முத்திரையையும் வணங்குகிறேன். கோப்பின் மூலையைத் துளைத்து நுழையும் நூலே, காக்க. அந்த நூலைத் தேடும்போது விரலில் ஏறும் குண்டூசியே, விலகி நிற்க. இப்போரில் சிந்திய ரத்தம் மொத்தம் ஒரு சொட்டு, அதுவும் உன்னால்தான். இதைக் கேட்டு, இதெல்லாம் ஒரு போரா என்று உதட்டைப் பிதுக்குகிற ஆசாமிகள் இப்போதே எழுந்து போகலாம். எனக்கொன்றும் நஷ்டமில்லை.

போர் மூண்ட காரணம் உரைப்பேன். நம் தலைவர் பிறந்தது அச்சங்குளத்தில் அன்று. அலைகடலுக்கு அப்பால், மலேயா நாட்டில், மரத்தைக் கீறினால் பால் வடியும் ரப்பர்த் தோட்டமொன்றில், கூலிகள் குடியிருந்த ஏழாம் நம்பர் லயத்தில், ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்தெட்டாம் ஆண்டில். அவருடைய பாட்டனார் அச்சங்குளத்திலிருந்து கப்பலேறிப் போய் அங்கே பால் வடிய மரம் வெட்டினார். தந்தையார் அங்கேயே பிறந்து அங்கேயே மரம் வெட்டினார். எழுபதாம் ஆண்டில், வேலை பெர்மிட் இல்லாதவர்களெல்லாம் ஊரைப் பார்த்துப் போங்கள் என்று சொல்லிவிட்டார்கள். தகப்பனும் தாயும் பன்னிரண்டு வயதுச் சங்கிலிமுத்துவும் கப்பலேறினார்கள். ஆறு வயதுத் தங்கை முத்துமாரியம்மாளைப் பிள்ளையில்லாத பெரியம்மா பிடித்து வைத்துக்கொண்டு, "ஒரு வருசம் எங்கூட இருக்கட்டும், அப்புறம் வந்து கூட்டிக்கிடுங்க," என்றாள். அந்த ஒரு வருசம் முப்பத்தாறு வருசம் ஆகியும் முடிந்தபாடில்லை.

அண்ணன் இங்கே வெடி சுற்றினார். தங்கை அங்கே கையுறைக் கம்பெனியில் கையுறை எண்ணினாள். இடையில் தகப்பன் போனார், தாய் போனாள், பெரியம்மாவும் போனாள். மிச்சமிருந்தது கடிதம்; பிறகு போன். இரண்டாயிரத்து ஆறாம் ஆண்டு கார்த்திகை மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்தப் போன் வழியே, கடல் கடந்து, முரசறைந்தாற்போல் ஒரு பிரகடனம் வந்திறங்கியது.

"என் மகளுக்குக் கல்யாணம்ணே. வர்ற தை இல்லே, அதுக்கு அடுத்த தை பத்து. தாய்மாமன் நீ வந்து மாலை எடுத்துக் குடுக்கலேன்னா அவ மணவறையில உக்கார மாட்டா. உக்காந்தாலும் நான் எழுப்பி விட்டுருவேன்."

"வந்துருதேன் தாயி," என்றார் நம் தலைவர். யோசிக்கவே இல்லை. பெரிய சபதங்களெல்லாம் இப்படித்தான், யோசிக்காமல் வாயிலிருந்து விழுகின்றன. அதன்பின் படுகிற பாடு காவியமாகிறது.

பாஸ்போர்ட் மனுவில் பிறந்த இடம் என்றொரு கட்டம் உண்டு. விரலகலக் கட்டந்தான். ஏஜெண்டாகப்பட்டவன், "அச்சங்குளம்னு போடுங்கண்ணாச்சி, ஆறு வாரத்துல வந்துரும்," என்று நாலுதரம் சொன்னான். வாய்மையே உருவான நம் வீரர், "பொறந்தது அங்கனதானப்பா, இல்லாததை எப்படி எழுத?" என்று கேட்டு, தம் கையாலேயே மலேயா என்று எழுதினார். அவ்வளவுதான். அதுநாள்வரை ரேஷன் கடையில் மண்ணெண்ணெய்க்கு வரிசை நின்றவர், மாரியம்மன் பொங்கலுக்குத் தலைக்கட்டு வரி கொடுத்தவர், ஒரு மாதத்தில் அயல்நாட்டார் ஆகிவிட்டார். பதில் கடிதத்தைப் படித்துச் சொல்லக் கேட்ட அவருடைய மனைவி சின்னத்தாய், "ஃபாரின் மாப்பிள்ளைன்னு எங்கப்பாகிட்ட யாருமே சொல்லலையே," என்றார்.

ஆயினும் சட்டத்தில் ஒரு வாசல் திறந்திருந்தது. பாட்டன் இந்த மண்ணில் பிறந்தவன் என்று பதிவேட்டைக் காட்டி நிறுவினால், பேரனும் இந்த மண்ணின் குடிமகனாகப் பதிந்துகொள்ள மனுச் செய்யலாம் என்றார்கள். உடனே சங்கிலிமுத்து, கரையானும் கணக்கரும் தவிர வேறெவரும் புகுந்தறியாத ஓர் ஆவண அறைக்குள் புகுந்து, மூன்று வாரம் தும்மித் தும்மி, ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எட்டாம் வருஷத்துப் பிறப்புப் பதிவேட்டைக் கண்டெடுத்தார். அதன் நாற்பதாம் பக்கத்தில், முத்து முத்தான கையெழுத்தில், இருந்தது பெயர்: பெத்தணன் மகன் சங்கிலிமுத்து, அச்சங்குளம். அந்தப் பக்கத்தின் நகலில் முத்திரை வாங்கி மடியில் கட்டிக்கொண்டு அவர் பஸ்ஸேறியபோது கண்டக்டரிடம் மீதிச் சில்லறையைக்கூடக் கேட்கவில்லை. வென்றுவிட்டோம் என்றே நினைத்தார், பாவம்.

இங்கே சற்று நிறுத்தி, நம் பக்கத்து வழக்கம் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். மூத்த பிள்ளைக்குத் தம் தகப்பனாரின் பெயரை வைப்பார்கள். பேர் கொண்டவன் பேரன். ஆகவே பெத்தணனுக்குப் பிறந்தவர் சங்கிலிமுத்து. அவருக்குப் பிறந்தவர் பெத்தணன். அவருக்குப் பிறந்தவர் நம் தலைவர் சங்கிலிமுத்து. நூறு வருஷமாக இரண்டே பெயர்களை வைத்து ஒரு வம்சமே குடும்பம் நடத்தியிருக்கிறது. வீட்டில் இதனால் ஒருநாளும் குழப்பமில்லை; செத்தவரைக் கூப்பிட்டால் வரமாட்டார், இருப்பவர்தான் வருவார். குழப்பமெல்லாம் காகிதத்தில்தான்.

இனி எதிர்த்தரப்பைப் போற்றுவோம். அந்த இருபத்தெட்டுப் படிக்கு மேலே, மாடியில், மூன்றாம் மேசையில், கோப்பு மலைகளுக்கு நடுவே, நாலு திசையும் நோக்கும் கண்ணாடியணிந்து அமர்ந்திருந்தார் பிரிவு உதவியாளர் காசிராஜன். கெட்டவரல்லர். ஒரு டீகூட வாங்கிக் குடிக்காத மனிதர். கை நீட்டுகிறவராக இருந்திருந்தால் இந்தக் காவியம் இரண்டு பக்கத்தில் முடிந்திருக்கும். தணிக்கை என்ற ஒரு சொல்லுக்கு மட்டுமே அஞ்சுவார். அதற்கு அஞ்சி அஞ்சியே முடியெல்லாம் கொட்டிவிட்டது. அவர் மனுவை ஒரு கையிலும் பதிவேட்டு நகலை மறு கையிலும் ஏந்தி, இப்படியும் அப்படியும் பார்த்து, மலர்ந்த முகத்தோடு தீர்ப்பு வழங்கினார்.

"அண்ணாச்சி, உங்களுக்கு இந்த மனுவே வேண்டியதில்ல. நீங்க அச்சங்குளத்துலதேன் பொறந்திருக்கீக. இந்தா, ரிஜிஸ்டரே சொல்லுது."

"அது எங்க தாத்தா சார்."

"தாத்தா பேரு?"

"சங்கிலிமுத்து."

"உங்க பேரு?"

"சங்கிலிமுத்து."

"அவுகப்பா பேரு?"

"பெத்தணன்."

"உங்கப்பா பேரு?"

"பெத்தணன்தேன் சார்."

"இதுக்கு மேல நான் என்னத்தச் செய்ய?" என்றார் காசிராஜன். மெய்யாகவே வருத்தப்பட்டுத்தான் சொன்னார்.

நம் தலைவர் வழக்கத்தை எடுத்துரைத்தார். வம்சவரிசையை விரல்விட்டு எண்ணிக் காட்டினார். காசிராஜன் தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டார், கேட்டதையெல்லாம் குறிப்பாக எழுதி மேலே அனுப்பினார். இரண்டு மாதம் கழித்து மாசிமாதத்து நடுப்பகலில் பதில் வந்தது. தாங்கள் 1908ஆம் ஆண்டு இந்தியாவில் பிறந்துள்ளமை ஆவணத்தால் தெரியவருவதால், தங்களுக்குக் குடியுரிமை கோரும் தேவை எழவில்லை எனத் தெரிவிக்கப்படுகிறது. ஒரே கடுதாசியில் சங்கிலிமுத்துவுக்கு ஐம்பது வயது கூடிவிட்டது. சரி, அதைக் காட்டியாவது பாஸ்போர்ட் வாங்கலாமா என்று ஏஜெண்டைக் கேட்டதற்கு அவன், "வாங்கலாம்ணாச்சி, ஆனா தொண்ணூத்தெட்டு வயசுன்னா போட்டோவ மாத்தணுமே," என்று சொல்லி அவருடைய கறுத்த மீசையையே பார்த்தான்.

முதற்போரில் தோற்றவர் மறுபடியும் மாடியேறினார். இம்முறை காசிராஜனே ஒரு வியூகம் வகுத்துத் தந்தார். "தாத்தா வேற, நீங்க வேற. அப்படித்தானே? அப்ப தாத்தா இறந்துட்டாருன்னு ஒரு சான்று கொண்டாங்க. செத்தவரும் எதுக்க நிக்கிறவரும் ஒரே ஆளா இருக்க முடியாதுல்ல?" எத்தகைய தர்க்கம்! இரும்பாலடித்த தர்க்கம். இதில் ஓட்டை இருக்குமென்று நானும் நினைக்கவில்லை.

பாட்டனார் இறந்தது அறுபத்தெட்டில், மலேயாவில். தங்கைக்குப் போன் போயிற்று. முத்துமாரியம்மாள் கம்பெனியில் லீவு சொல்லி, இரண்டு பஸ் மாறி, அந்நாட்டு அலுவலகமொன்றில் காலை முதல் மாலை வரை நின்று, பாட்டனின் இறப்புச் சான்றை வாங்கிக் கூரியரில் அனுப்பினாள். உறையின் மேல் அச்சங்குளம் விலாசத்தை அவளே தமிழில் எழுதியிருந்தாள். சங்கிலிமுத்து உறையைப் பிரிக்காமல் அந்தக் கையெழுத்தையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் கப்பலேறிய அன்று அவளுக்கு 'அ' மட்டும்தான் எழுத வரும்.

சான்று மாடியேறியது. மாடியிலிருந்து இன்னொரு மாடியேறியது. ஆவணி மாதத்தில், பதிவுத் தபாலில், பெறுநர் திரு. பெ. சங்கிலிமுத்து என்ற விலாசத்துக்கு, தபால்காரர் நீட்டிய சீட்டில் அன்னாரே கையெழுத்திட்டுப் பெற்றுக்கொண்ட உறைக்குள்ளிருந்து பின்வரும் வாசகம் வெளிப்பட்டது: மனுதாரர் 1908ஆம் ஆண்டு பிறந்து 1968ஆம் ஆண்டு காலமாகிவிட்டது உரிய ஆவணங்களால் உறுதியாவதால், மேல் நடவடிக்கை ஏதுமின்றி இக்கோப்பு முடிக்கப்படுகிறது.

அவையோரே, எத்தனையோ வீரர்கள் களத்தில் மாண்டிருக்கிறார்கள். மாண்ட செய்தியைத் தபாலில் வாங்கிக்கொண்ட வீரர் எனக்குத் தெரிந்து இவர் ஒருவர்தான்.

சின்னத்தாய் அன்று வேலைக்குப் போகவில்லை. சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு கணவரை முன்னால் நடக்கவிட்டு அவரும் இருபத்தெட்டுப் படி ஏறினார். மூன்றாம் மேசையின் முன் நின்று அவர் எழுப்பிய குரலில் மின்விசிறி சற்று நிதானித்ததாகச் சொல்கிறார்கள்.

"ஐயா, செத்த மனுசனுக்கா நான் இன்னைக்குக் காலையில எட்டுத் தோசை சுட்டுப் போட்டேன்? நல்லாப் பாத்துச் சொல்லுங்க. இவரு செத்துட்டாருன்னா எனக்குத் தாலி எதுக்கு, இந்தா இங்கனயே கழத்தி வச்சுட்டுப் போறேன். உங்க பீரோவுல பூட்டிக்கிடுங்க."

காசிராஜன் எழுந்து நின்றுவிட்டார். "அம்மா, அம்மா, அப்படியெல்லாம் பேசாதீக. நான் சரியாத்தேன் எழுதி அனுப்புனேன். மேல போயி அப்படி ஆயிருச்சு. நேர்ல பாத்தா தெரியுது, கோப்புல தெரியணும்ல?" என்று கையைப் பிசைந்தார். தண்ணீர் வரவழைத்துக் கொடுத்தார். சின்னத்தாய் குடித்தார், ஆனால் மன்னிக்கவில்லை.

பிறகு காசிராஜன் குரலைத் தணித்து இறுதி ஆயுதத்தின் ரகசியத்தைச் சொன்னார். வட்டாட்சியர் கையெழுத்தில் ஒரு சான்று வேண்டும். உலகறிந்த சான்றுதான். பள்ளிக்கூடத்தில் ஒரு பெயர், பட்டாவில் ஒரு பெயர் என்று தவிக்கிற ஜனங்களெல்லாம் வாங்குவார்களே, 'இருவரும் ஒருவரே' என்று, அதே சான்று. நம் தலைவருக்கு வேண்டியது அதன் நேர்மாறு.

"இருவரும் ஒருவரல்லன்னு வாங்கிட்டு வாங்க. நான் முடிச்சுத் தாரேன்."

கேட்க எளிதாக இருக்கிறது. வட்டாட்சியர் அலுவலகத்துக்கு எதிரே, புளியமரத்தடியில், சகல விண்ணப்பங்களும் விற்கிற ஃபாரக் கடை ஒன்று உண்டு. சாதிச் சான்று ஃபாரம், வருமானச் சான்று ஃபாரம், வாரிசுச் சான்று ஃபாரம், விதவைச் சான்று ஃபாரம், ஆட்டுக்கடன் ஃபாரம் எல்லாம் கட்டுக்கட்டாகத் தொங்கின. 'ஒருவரே' ஃபாரம் தோரணமாகத் தொங்கியது. 'ஒருவரல்ல' என்று ஒரு ஃபாரம் இந்தப் பூமியிலேயே இல்லை. வெள்ளைத்தாளில் எழுதிக்கொண்டு போனால் உள்ளே வாங்க மறுத்தார்கள். ஃபாரத்தில் வாருங்கள் என்றார்கள். ஃபாரம் இல்லையே என்றால், இல்லாத சான்றை எப்படிக் கொடுக்க என்றார்கள். 'ஒருவரே' ஃபாரத்தில் 'ரே'யை அடித்து 'ரல்ல' என்று எழுதிக் கொண்டுபோனால், அடித்தல் திருத்தல் கூடாது என்றார்கள். இரண்டு வாரம் இப்படியே போயிற்று. இரண்டே எழுத்துக்காக ஒரு மனுஷன் வேகாத வெயிலில் நாயாய் அலைந்தான் என்று எழுதுகையில் எனக்கே ஆத்திரம் வருகிறது. காவிய நடை கொஞ்சம் பிசகினால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

புரட்டாசி பிறந்துவிட்டது. தை பத்துக்கு நாலு மாதந்தான் இருந்தது. சங்கிலிமுத்து ஒரு எஸ்டிடி பூத்துக்குள் நுழைந்து கதவைச் சாத்திக்கொண்டு தங்கையைக் கூப்பிட்டார்.

"வர முடியாது போலிருக்கு தாயி."

அந்தப் பக்கமிருந்து முத்துமாரியம்மாள் பேசினாள். "ஆறு வயசுல, வந்துருவோம்னு சொல்லிட்டுத்தான் போனீங்க. தினம் லயத்து வாசல்ல போய் நிப்பேன். அப்ப நான் கோவிச்சுக்கலேண்ணே, சின்னப்புள்ள, தெரியலே. இப்ப எனக்கு நாப்பத்து மூணு வயசு. இப்ப வரலேன்னா கோவிச்சுக்குவேன்."

சங்கிலிமுத்து பூத்திலிருந்து வெளியே வந்து அழுதார். அழுதார் என்று மட்டும்தான் சொல்வேன். இதற்கு அலங்காரம் செய்ய எனக்கு மனசு வரவில்லை.

அழுது முடித்ததும் முகத்தைத் துடைத்துக்கொண்டு திருத்தங்கல் பஸ்ஸில் ஏறினார். திருத்தங்கலில் இருந்தது சாதிக் பாட்சாவின் அச்சகம். வெடிப்பெட்டி லேபிள் லோடு எடுக்கப் போய்ப் போய் இருபது வருஷமாக வளர்ந்த சிநேகம். அது காலண்டர் சீசன் உச்சத்தில் இருந்த நேரம். சாமிகளும் தலைவர்களும் குழந்தைகளும் அடுத்த வருஷத்தைச் சுமந்துகொண்டு மிஷினிலிருந்து மளமளவென்று இறங்கிக்கொண்டிருந்தார்கள். மை படிந்த கைலியும் காதில் செருகிய பென்சிலுமாக, அச்சுக்கோட்டை காவலர், பிழைதிருத்தப் புலி, ஆஃப்செட் அதிபர் சாதிக் பாட்சா முழுக்கதையையும் நின்றபடியே கேட்டார்.

"ஏலே சங்கிலி, பேரு மாறிப்போச்சுன்னு வர்றவன் நாட்டுல எம்புட்டோ பேரு. மாறாமப் போச்சேன்னு அழுகுறவன் நீ ஒருத்தன்தாம்லே," என்றார். அப்புறம், "ஃபாரம் இல்ல, அம்புட்டுத்தானே? அடிச்சுருவோம். ஆனா ஆயிரத்துக்குக் குறைஞ்சு மிஷின்ல ஏத்த முடியாது, பாத்துக்க."

"எனக்கு ஒண்ணுதானப்பா வேணும்."

"மிஷினுக்கு ஒண்ணுன்னா தெரியாதுலே."

பன்னிரண்டாயிரம் காலண்டர் ஆர்டர் நின்றது. மிஷினைக் கழுவினார்கள். பிளேட் போடுமுன் சாதிக் பாட்சா பென்சிலை உருவிக்கொண்டு வாசகத்தின் மீது பாய்ந்தார். ஒருவரல்ல என்பது தப்பு; மனிதருக்கு 'அல்ல' வராது, 'அல்லர்' என்றுதான் வர வேண்டும்; தம் அச்சகத்திலிருந்து இலக்கணப் பிழையோடு ஒரு தாள் வெளியே போனதில்லை என்று முழங்கினார். 'இருவரும் ஒருவர் அல்லர்' என்று திருத்தினார். ஃபாரம் நம்பர் போடலாமா என்று சங்கிலிமுத்து கேட்டதற்கு, "நம்பர் போட்டா அது கள்ளத்தனம். நம்பர் போடுற இடத்துல வெறுங்கோடு போடுவோம், வேணுங்கிறவுக போட்டுக்கிடட்டும்," என்றார். ஒரு நாழிகையில் புரூஃப் வந்தது. இருவரும் வாங்கிப் பார்த்தார்கள். சாதிக் பாட்சாவின் முகம் சுருங்கியது.

"தப்பா இருக்கா?" என்றார் சங்கிலிமுத்து.

"ஒரு தப்புமில்ல. அதான் பயமா இருக்கு. கவர்மெண்டு ஃபாரம் இம்புட்டு சுத்தமா இருக்காதுலே. பாத்த உடனே புதுசுன்னு கண்டுபிடிச்சுருவாக."

நெடுநேரம் தம்மோடு தாமே போராடினார். முப்பது வருஷம் கட்டிக்காத்த கற்பு அது. கடைசியில் கண்ணை மூடிக்கொண்டு, தலைப்பில் 'சான்றிதழ்' என்றிருந்ததைத் தம் கையாலேயே 'சான்றிதள்' என்று மாற்றினார். காகிதமும் வெள்ளை வேண்டாம், மஞ்சளடித்த மட்டக் காகிதம் போடு என்று சொல்லிவிட்டு, மிஷின் ஓடி முடிகிறவரை வெளியே போய் நின்றுகொண்டார். நட்புக்காகச் செய்யப்பட்ட தியாகங்களில் இதைவிடப் பெரியது ஏதும் இருந்தால் எனக்கு எழுதியனுப்புங்கள்.

ஆயிரம் ஃபாரத்தில் ஒன்றை வைத்துக்கொண்டு மிச்சத்தைப் புளியமரத்தடிக் கடையில் சும்மாவே போட்டார் சங்கிலிமுத்து. கடைக்காரர் அதையும் தோரணத்தில் தொங்கவிட்டார். தொங்கவிட்ட அரைமணிக்குள் ஒரு விவசாயி வந்து, தலைப்பைப் படித்துவிட்டு, "இது எப்பயிருந்து வருது? பத்து வருசமா இதைத்தேனய்யா தேடுதேன்," என்று நான்கு ஃபாரம் வாங்கிப் போனார். மத்தியானத்துக்குள் அறுபது போய்விட்டது. பாட்டன் பேரைச் சுமந்துகொண்டு பாட்டனாகவே ஆக்கப்பட்ட பேரர்கள் இந்த ஜில்லாவில் அவ்வளவு பேர் இருந்திருக்கிறார்கள், யாருக்கும் தெரியவில்லை.

வட்டாட்சியர் ஃபாரத்தை வாங்கி முன்னும் பின்னும் திருப்பினார். "இப்படி ஒண்ணு வந்திருக்கா? எனக்குச் சொல்லவே இல்லையே," என்று புருவத்தை நெரித்தார். களம் உறைந்து நின்றது. சங்கிலிமுத்துவின் காதில் அவருடைய இதயமே சரவெடியாய் வெடித்தது. அப்போது அதிகாரியின் பார்வை தலைப்பில் விழுந்தது. 'சான்றிதள்' என்று படித்தார். நெற்றி தெளிந்தது. "சரிதான், மேலயிருந்துதான் வந்திருக்கு," என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டார். வட்ட முத்திரை விழுந்தது. நீள முத்திரையும் விழுந்தது.

முப்பதாம் முறையாக மாடியேறி அதைக் காசிராஜன் முன் வைத்தார் நம் தலைவர். காசிராஜன் எழுத்துக்கூட்டிப் படித்தார். பிறப்பு நகலை இடப்பக்கமும் இறப்புச் சான்றை வலப்பக்கமும் இந்தத் தாளை நடுவிலும் வைத்து, நூல் கோத்து முடிச்சிட்டார். பிறகு அக்கம்பக்கம் பார்த்துக்கொண்டு, "அண்ணாச்சி, இந்த ஃபாரம் எங்கன கிடைக்குது?" என்றார்.

"கடையிலதேன் சார். ஏன் கேக்கீக?"

"எங்க தாத்தா பேரும் காசிராஜன்தேன். பட்டாவ என் பேருக்கு மாத்தித் தாங்கன்னு ஏழு வருசமா எழுதிப் போடுதேன். ஏற்கெனவே என் பேர்லதேன் இருக்குன்னு திருப்பி அனுப்பிக்கிட்டே இருக்காக."

மார்கழியில் உத்தரவு வந்தது. முப்பத்தொன்றாம் முறை மாடியேறிய சங்கிலிமுத்து, வலக்கையை உயர்த்தி, முப்பத்தேழு வருஷமாகத் தாம் வெடி சுற்றிய நாட்டுக்கு விசுவாசமாயிருப்பதாக உறுதிமொழி எடுத்து, தாம் தாமே என்றும் தம் பாட்டனார் தம் பாட்டனாரே என்றும் அரசாங்கத்தால் ஒப்புக்கொள்ளப்பட்ட குடிமகனாகப் படியிறங்கினார். அவசரத் தட்கல் முறையில் பாஸ்போர்ட் வந்தது. தாய்மாமன் சீருக்குப் பட்டும், மாலைக்குச் சரிகை நாடாவும், சாத்தூர்க் காராச்சேவு இரண்டு கிலோவும் சின்னத்தாய் பெட்டியில் அடுக்கினார். அச்சங்குளமே பஸ் ஸ்டாப்பில் திரண்டு நின்றது. சாதிக் பாட்சா மிஷினை நிறுத்திவிட்டு வந்திருந்தார்.

தை ஒன்பதாம் நாள். மேகமண்டலத்தைக் கிழித்து, பன்னிரண்டு வயதில் பத்து நாள் வாந்தியெடுத்துக்கொண்டே கடந்த அந்தக் கருங்கடலை நாலே மணிநேரத்தில் தாண்டி, கண்ணாடி மாளிகையொன்றில் இறங்கி, அங்கும் பெயர் கேட்கப்பட்டு, தகப்பன் பெயர் கேட்கப்பட்டு, பாஸ்போர்ட்டை நீட்டி, அதில் ஒரு முத்திரை விழக்கண்டு, தானாகத் திறக்கும் கதவுக்கு வெளியே வந்து நின்றார் நம் காவியத் தலைவர். வெள்ளிக்கரத்தோன், படியேறு புலி, காகிதத்தில் ஒருமுறை செத்தும் ஒருமுறையும் சாகாதோன். அங்கே நூறு முகங்கள். பாவாடை கட்டிய ஆறு வயதுப் பிள்ளையைத் தேடிப் பழகிய கண்கள் தடுமாறி அலைந்தன. கம்பித் தடுப்பைப் பிடித்துக்கொண்டு, மூக்குக்கண்ணாடி போட்டு, முன்முடி நரைத்த ஓர் அம்மாள் நின்றுகொண்டிருந்தாள். அவளும் பார்த்தாள். கடலே, காற்றே, திசை காக்கும் தேவரீர், முப்பத்தேழு ஆண்டுகள் ஒரு கம்பித் தடுப்பின் இருபுறமும் நின்ற அந்தக் கணத்தைப் பாட எனக்குச் சொல் தாருங்கள் என்று நான் வாய் திறக்குமுன் அவள் தடுப்பைச் சுற்றிக்கொண்டு ஓடிவந்து, அவர் கையிலிருந்த பெட்டியை வெடுக்கென்று பிடுங்கிக்கொண்டு, மூக்கை உறிஞ்சினாள்.

"ஏண்ணே இவ்வளவு லேட்டு?"

"ஆபீசுல கொஞ்சம் வேலை இருந்துச்சு தாயி," என்றார் சங்கிலிமுத்து.